பாண்டி வெந்நீரும் பாரீஸ் குளிரும்

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில், பௌதிகத் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குப் போன் செய்து, "பிரான்சிலே நாற்பது வருஷம் இருந்திருக்கீங்க, உபயோகமா ஏதாவது பேசுங்க" என்றார். "குளிர்காலத்திலே வீட்டைச் சூடாக்குறதைப் பத்திப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "பாண்டியிலயா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். மார்கழி விடியற்காலையிலும் இருபது டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்குகிற ஊர் இது. நமக்குத் தெரிந்த பாய்லர் இரண்டுதான். ஒன்று ரோடியர் மில்லில் இருந்தது. இன்னொன்று வீட்டுக் கொல்லைப்புறத்தில் கரி போட்டு மூட்டிய செம்பு வெந்நீர் பாய்லர். மில் மூடிவிட்டது. செம்பு பாய்லரைப் பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிட்டோம்.

இருந்தாலும் இதைத்தான் பேசப் போகிறேன். காரணம் இரண்டு. நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இங்கே ஒரு வீடு, அங்கே ஒரு வீடு என்று ஆகிவிட்டது. இன்னொரு காரணம், இந்த விஷயத்தில் நான் இரண்டு தடவை தப்புப் பண்ணினேன். ஒரு தடவை பணம் போயிற்று. இன்னொரு தடவை உயிரே போயிருக்கும். பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் இப்படிச் செய்தேன் என்று இந்த மேடையில் ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்று தோன்றியது.

1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தின் பலனாக 1982-இல் நான் பாரீஸ் போய் இறங்கினேன். சார்செல் என்கிற புறநகரில் அடுக்குமாடி வீடு. 1985 ஜனவரியில் பாரீஸில் பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியையும் தாண்டிப் போனது குளிர். அந்த மாசமும் என் அறை கதகதப்பாகத்தான் இருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஒரு இரும்பு ரேடியேட்டர், அதற்குள் சுடுதண்ணீர் ஓடும். தண்ணீர் எங்கே சூடாகிறது, எவ்வளவு செலவு என்று நான் கேட்டதில்லை. வாடகையோடு சேர்த்துக் கட்டிவிடுவோம்.

1998-இல் கடன் வாங்கிச் சின்னதாக ஒரு தனி வீடு வாங்கினோம். நூறு சதுர மீட்டர், 1960-களில் கட்டியது. நிலவறையில் எண்ணெய் பாய்லர், பக்கத்தில் எண்ணெய்த் தொட்டி. வருஷத்துக்கு 2,000 லிட்டர் குடிக்கும். அப்போதுதான் எனக்குச் சூட்டின் விலை தெரிந்தது.

அந்தப் பாய்லரைப் புரிந்துகொள்ள நம் பாட்டி வீட்டு அடுப்பைப் பார்த்தால் போதும். சாதாரண அடுப்பில் சட்டிக்குக் கொஞ்சம் சூடு போகும், மிச்சம் புகையோடு போய்விடும். அதனால்தான் கொடியடுப்பு வைத்தார்கள். பெரிய அடுப்பிலிருந்து போகிற சூடு பக்கத்துக் கண் வழியாகப் போகும்போது அங்கே ஒரு பானைத் தண்ணீர் காயும். அந்தத் தண்ணீர் காசில்லாமல் கிடைத்த வெந்நீர். என் பழைய பாய்லர் ஒற்றையடுப்பு. எண்ணெயின் சூட்டில் ஏறத்தாழ கால் பங்கு புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது வருகிற கண்டன்சிங் பாய்லர்கள் கொடியடுப்பு ஜாதி. வாயு எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அந்த நீராவியைத் தண்ணீராக மாற வைத்து, அதன் உள்ளுறை வெப்பத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். நம் ஆய்வுக்கூடத்தில் கலோரிமீட்டரை வைத்துக்கொண்டு ஒரு கிராம் நீராவிக்கு 540 கலோரி என்று கண்டுபிடிக்கத் திண்டாடினோமே, அதே 540 கலோரிதான். நம்மில் பலருக்கு 480 வரும், 610 வரும்; ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் 540 என்றே வரும். (சார் மன்னிக்க வேண்டும்.) ஆனால் இதில் ஒரு நிபந்தனை. ரேடியேட்டர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அந்த நீராவி தண்ணீராகும். தண்ணீரை எழுபது, எண்பது டிகிரியில் சுற்றவிட்டால், புது பாய்லருக்குக் காசு கொடுத்துவிட்டுப் பழைய பாய்லரை ஓட்டுவதாகத்தான் அர்த்தம்.

அடுத்தது ஹீட் பம்ப். இதற்கும் நம் ஊரிலேயே உவமை இருக்கிறது. ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். ஏற்றம் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருப்பதை மேலே கொண்டு வருகிறது. ஹீட் பம்ப்பும் சூட்டை உண்டாக்குவதில்லை. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்து வீட்டுக்குள் ஏற்றுகிறது. பூஜ்யம் டிகிரிக் காற்றில் ஏது சூடு என்று கேட்பீர்கள். பூஜ்யம் என்பது தண்ணீர் உறைகிற இடம், சூடு தீர்ந்துபோகிற இடம் அல்ல. கெல்வின் கணக்கில் அது 273 டிகிரி. அந்தக் குளிரிலும் கொதிக்கக்கூடிய ஒரு திரவத்தைக் குழாயில் ஓடவிட்டால், அது காற்றிலிருந்து சூட்டை வாங்கி ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டை ரேடியேட்டர் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் செய்கிற வேலைதான். அதன் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

யோசனை புதிதல்ல. கெல்வின் பிரபு 1852-இலேயே எழுதிவிட்டார். சூரிச் நகர மன்றக் கட்டடத்தை 1938 முதல் லிம்மட் ஆற்றுத் தண்ணீரின் சூட்டைக் கொண்டு ஹீட் பம்ப் சூடாக்கியது. ஒரு யூனிட் மின்சாரம் கொடுத்தால் மூன்று, நான்கு யூனிட் சூடு கிடைக்கும் என்கிறார்களே, அது மாயமும் இல்லை, மோசடியும் இல்லை.

ஆனால் கிணறு ஆழமாக இருந்தால் இறைக்கிற உழைப்பும் கூடும், இல்லையா? இங்கே ஆழம் என்பது வெளிக்காற்றுக்கும் நமக்கு வேண்டிய சூட்டுக்கும் உள்ள இடைவெளி. வெளியே 0 டிகிரி, ரேடியேட்டர் தண்ணீர் 35 டிகிரி என்றால், கார்னோ கணக்குப்படி 308-ஐ 35-ஆல் வகுக்க வேண்டும், 8.8 வருகிறது. தண்ணீர் 65 டிகிரி வேண்டுமென்றால் 338-ஐ 65-ஆல் வகுக்க வேண்டும், 5.2-தான். நிஜ மெஷின் இதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் தரும். இந்த வகுத்தல் கணக்கு இரண்டாம் வருஷப் பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தும் போடவில்லை. அங்கேதான் கதை தொடங்குகிறது.

பிரான்சில் 2022 ஜூலை 1 முதல் புது எண்ணெய் பாய்லர் பொருத்தக் கூடாது என்று சட்டம் வரப் போகிறது என்றார்கள். பழையதை ஓட்டலாம், ரிப்பேர் செய்யலாம். புதிது வைக்க முடியாது. என் பாய்லருக்கு வயசாகிவிட்டது. எங்கள் தெருவில் காஸ் குழாயும் இல்லை. 2021 இலையுதிர் காலத்தில் ஒரு போன் வந்தது. "அரசாங்க உதவி கிடைக்கும், உங்களுக்குக் கைக்காசு அதிகம் ஆகாது" என்று தேன் ஒழுகப் பேசினான் ஒரு பையன். வீடு புதுப்பிப்பு வேலைகளுக்கு இப்படிப் போன் செய்து ஆள் பிடிப்பதை 2020 ஜூலையிலேயே சட்டம் தடை செய்துவிட்டது. அது எனக்குத் தெரியாது. விற்பனைக்காரர் வந்தார், காபி குடித்தார், வீட்டின் நீள அகலம் கேட்டார். பரணுக்கு ஏறிப் பார்க்கவில்லை. ரேடியேட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 16 கிலோவாட் மெஷின், பதினைந்து வருஷத் தவணை. என் மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, அவசரப்படாதீங்க, நாலு பேரைக் கேட்டுட்டுப் போடலாமே" என்றாள். "நான் பௌதிகம் படிச்சவன்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதையும் பதினைந்தாம் நாள்தான் படித்தேன்.

அந்தக் குளிர்காலத்தை மறக்க முடியாது. மெஷின் ஐந்து நிமிஷம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பரணில் காப்புப் படலம் இல்லாததால் ஏறின சூடெல்லாம் கூரை வழியாகப் போகும். சூடு போதவில்லையென்று தண்ணீரை 65 டிகிரிக்கு ஏற்றினேன். மெஷினால் முடியாதபோது உள்ளே இருக்கிற மின்சாரக் கம்பி எரியும். அது வெறும் கீசர். 7,400 யூனிட் ஓடியது. என் மனைவி வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை போர்த்திக்கொண்டு, "முன்னே காசு போச்சு, குளிர் போச்சு. இப்ப காசு மட்டும்தான் போவுது" என்றாள். நான் பதில் பேசவில்லை.

2022 வசந்தத்தில் அரசாங்கத்தின் பிரான்ஸ் ரெனோவ் ஆலோசனை மையத்துக்குப் போனேன். இலவசம். அங்கே ஒரு பெண் அதிகாரி, என் மகள் வயசுதான் இருக்கும். மெஷினைப் பற்றிக் கேட்கவே இல்லை. "உங்கள் பரணில் என்ன இருக்கிறது?" என்றுதான் முதல் கேள்வி. காப்பில்லாத வீட்டின் சூட்டில் 25 முதல் 30 சதவீதம் கூரை வழியாகத்தான் போகிறது என்று அவர்களுடைய அதெம் நிறுவனம் சொல்கிறது. ஓட்டைக் குடத்துக்குப் பெரிய பம்ப்பு வாங்கியிருக்கிறீர்கள் என்பதை அவர் நாகரிகமாகச் சொன்னார்.

அந்தக் கோடையில் பரணில் முப்பது சென்டிமீட்டருக்குக் காப்புப் பஞ்சு போட்டோம். இரண்டு சின்ன ரேடியேட்டர்களை எடுத்துவிட்டுப் பெரியதாக வைத்தோம். ரேடியேட்டர் பெரிசானால் தண்ணீர் அவ்வளவு சூடாக இருக்கத் தேவையில்லை. தண்ணீரை 45 டிகிரிக்கு இறக்கி, வெளிக்குளிருக்குத் தகுந்தபடி அதுவே ஏறி இறங்கும்படி அமைத்தோம். அடுத்த குளிர்காலம், உக்ரைன் போரால் ஐரோப்பா முழுக்க எரிபொருள் விலை எகிறியிருந்த அந்தக் குளிர்காலம், 3,900 யூனிட்டில் முடிந்தது. மெஷின் அதேதான். பரணைப் போட்ட பிறகு ஏழு கிலோவாட்டே எங்களுக்குப் போதும் என்று தெரிந்தது. மீதி ஒன்பதுக்கு இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். இது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இங்கே, முத்தியால்பேட்டையில் நடந்தது.

அப்பா காலமான பிறகு அம்மா தனியாக இருக்கிறார், உதவிக்கு ஒரு அம்மாள் வருவார். சின்ன வயசில் எங்கள் வீட்டில் சவுக்குக் கட்டை எரித்துத் தவலையில் வெந்நீர் போடுவார்கள். 2022 டிசம்பரில் வந்திருந்தபோது, வயசான காலத்தில் அம்மா அடுப்பும் தவலையுமாகக் கஷ்டப்பட வேண்டாமென்று நான்தான் ஒரு காஸ் கீசர் வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போனேன். விலை குறைவு, கரண்டு போனாலும் தண்ணீர் வரும் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஒரு மாசம் கழித்து, மழை பெய்கிற ஒரு காலையில், ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மா குளிக்கப் போயிருக்கிறார். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். கூப்பிட்டால் பதில் இல்லை. உதவிக்கு வரும் அந்த அம்மாள் எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டுக் கதவை உடைத்து வெளியே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, மறுநாள்தான் கண் திறந்து சரியாகப் பேசினார்.

காரணம் கார்பன் மோனாக்சைடு. மூடிய சின்ன அறையில் காஸ் எரியும்போது ஆக்ஸிஜன் குறைகிறது. அது குறையக் குறைய அரைகுறையாக எரிந்து இந்த விஷவாயு வருகிறது. நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை சுற்றும்போது கதவைத் திறக்கக் கை வராது. பிரான்சில் ஒவ்வொரு குளிர்காலமும் இதைப் பற்றி எச்சரிப்பார்கள். அங்கே கேட்டதை நான் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். "குளியலறையிலே நெருப்பு எதுக்குடா தம்பி?" என்று மாட்டும்போதே அம்மா கேட்டார். அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. இன்று இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைத்த மன்னிப்பு.

கீசரைக் கழற்றினேன். அடுத்து என்ன வைப்பது? பழைய கை சும்மா இருக்குமா, ஹீட் பம்ப் வெந்நீர் மெஷினுக்கு விலை கேட்டேன். நம் ஊர் அதற்குச் சொர்க்கம். வெளியே 25 டிகிரி, தண்ணீர் 50 டிகிரி என்றால் 323-ஐ 25-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 13 வருகிறது. பாரீஸ் கிணறு ஆழம், பாண்டி கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில்!

ஆனால் இந்தத் தடவை பேப்பரும் பேனாவும் எடுத்தேன். அம்மாவுக்கும் உதவி செய்பவருக்கும் சேர்த்து நாளைக்கு 40 லிட்டர் வெந்நீர். 28 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற, சாதாரண மின்சாரக் கீசரில் ஒரு யூனிட். ஹீட் பம்ப்பில் சுமார் 0.3 யூனிட். மிச்சம் 0.7. யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு ரூபாய் மிச்சமாகும். மெஷினுக்கு எனக்குச் சொன்ன விலை ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. அசலை எடுக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகும். அம்மாவுக்கு இப்போது வயது 86.

ஆகவே பிரான்சில் ஹீட் பம்ப் வைத்திருக்கும் நான், பாண்டியில் அம்மாவுக்கு வைத்தது பத்து லிட்டர் மின்சாரக் கீசர். 50 டிகிரிக்கு அமைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிட்டு மாட்டினேன்.

அப்படியானால் ஹீட் பம்ப் நம் ஊருக்கு வேண்டாமா? கட்டாயம் வேண்டும், ஆனால் தேவை உள்ள இடத்தில். நம் நண்பர்கள் சிலர் பழைய பிரெஞ்சு வீடுகளை விருந்தினர் விடுதிகளாக நடத்துகிறீர்கள். இருபது அறை, அறைக்கு 60 லிட்டர் என்றால் நாளைக்கு 1,200 லிட்டர். கீசரில் முப்பது யூனிட், ஹீட் பம்ப்பில் ஒன்பது. விடுதி நிறைந்திருந்தால் வருஷத்துக்கு ஏழாயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். விடுதி, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், கல்யாண மண்டபம், இவற்றுக்குக் கணக்குச் சரியாக வரும். மாடியில் வெயில் தடையின்றி விழுகிற வீடுகளுக்குச் சோலார் ஹீட்டரே போதும். பக்கத்தில் ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தை வைத்து, வெயிலிலேயே சமையலுக்கு நீராவி எடுத்துக் காட்டியிருக்கிறார்களே.

இன்னொன்றும் கவனியுங்கள். நம் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு ஹீட் பம்ப் தொங்குகிறது. அதன் பெயர் ஏ.சி. ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஆறு கிலோவாட்டுக்கு மேல் சூட்டைத் தெருவில் கொட்டுகிறது. அதே சுவரின் மறுபக்கம் குளியலறையில் இரண்டு கிலோவாட் கீசர் எரிகிறது! பெரிய விடுதிகள் அந்தச் சூட்டைப் பிடித்து வெந்நீராக்கலாம், அதற்குக் கருவி உண்டு. அடுப்புத் தணலை வீணாக்காமல் பானை வைத்த பாட்டியின் புத்திதான் அது.

நண்பர்களே, நேரமாகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். சுருக்கமாக நான்கு வார்த்தை.

ஒன்று: மெஷின் வாங்குவதற்கு முன்னால் ஓட்டையை அடையுங்கள். பிரான்சில் அது பரண். இங்கே அது மொட்டை மாடியின் சூடு, சொட்டுகிற வெந்நீர்க் குழாய், 70 டிகிரியில் வைத்து மறந்துபோன கீசர்.

இரண்டு: வேண்டிய அளவுக்கு மேல் சூடு ஏற்றாதீர்கள். பாய்லரானாலும் ஹீட் பம்ப்பானாலும் மிதமான சூட்டில்தான் சிக்கனம். பெரிய தொட்டியில் நாள்கணக்கில் தேங்குகிற வெந்நீரை மட்டும் அவ்வப்போது 60 டிகிரிக்கு ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி வளரும்.

மூன்று: வீட்டைப் பார்க்காமல் விலை சொல்கிறவரிடம் வாங்காதீர்கள். கடலோரத்தில் இருப்பவர்கள், உப்புக் காற்றுக்குத் தாங்குகிற பூச்சு உண்டா என்று கேளுங்கள். பீச் ரோட்டில் ஏ.சி. பெட்டிகள் படுகிற பாடு தெரியும் அல்லவா?

நான்கு: காஸ் கீசர் குளியலறைக்குள் இருந்தால், இன்று வீட்டுக்குப் போனதும் அதை மூடுங்கள். ஆளை வைத்துக் காற்றோட்டமான வெளியிடத்துக்கு மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள். மற்ற மூன்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அன்று ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியர், "அளந்து பார்க்காம எழுதாதேடா" என்று ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போடுவார். நாற்பது வருஷம் கழித்து, இரண்டு நாட்டில், பெரிய விலை கொடுத்து அந்தப் பாடத்தைப் படித்து முடித்திருக்கிறேன். சார், இப்போது என் நோட்டில் கையெழுத்துப் போடலாம்.